சிறு வயதில் பட்ட காயமும் பதின்பருவத்தில் தடம் மாறும் சாப்பாடும்

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. உங்கள் அண்ணனும் அண்ணியும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டதால், அவர்களுடைய மகள் 5 வயதிலிருந்தே உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்திருக்கிறாள். பெற்றோரிடம் இருந்த நாட்களில் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பதைப் பார்த்திருக்கிறாள். ஓர் உறவினர் வீட்டில் தட்டில் விழும் ஒவ்வொரு கரண்டிச் சோற்றுக்கும் கணக்குச் சொல்லிக் குத்திக்காட்டியிருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக அத்தையான உங்கள் வீட்டில் இருக்கிறாள். இப்போது 15 வயது. சில மாதங்களாகப் பகலில் ஏறக்குறைய எதுவும் சாப்பிடுவதில்லை. இரவில் எல்லோரும் படுத்த பிறகு பாத்திரத்தில் மிஞ்சியதையெல்லாம் அவசர அவசரமாகத் தின்றுவிட்டு வெளியே போய் வாந்தி எடுக்கிறாள். தொக்கம் எடுத்துப் பார்த்தீர்கள், மந்திரித்துக் கயிறு கட்டினீர்கள், எண்டோஸ்கோபியும் செய்தாயிற்று. வயிற்றில் குறை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சிறு வயதில் பட்டதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா, இருந்தால் அதைக் கேட்டு வெளியே கொண்டுவந்தால் சரியாகிவிடுமா என்பது உங்கள் கேள்வி.

தொடர்பு இருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். ஆனால் பழையதைக் கேட்டு வெளியே கொண்டுவருவது முதலில் செய்ய வேண்டிய வேலை அல்ல. அவள் உடலுக்கு வேளாவேளைக்கு உணவு கிடைப்பதும், அந்த உணவு வீட்டில் சண்டையும் மிரட்டலும் இல்லாமல் கிடைப்பதும்தான் முதல் வேலை. நடந்ததைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு, அவள் தயாராகும்போது, பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு வரவேண்டியது. இந்த மாவட்டத்துக் குடும்பங்கள் பலவும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டு பிள்ளையையும் தங்களையும் வருத்திக்கொள்வதைப் பார்த்து வருந்துகிறவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொடர்பு பற்றிய ஆய்வுகளில் பலரும் முதலில் சொல்வது அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்ததை. அங்கே 1980-களில் உடல் எடைக் குறைப்புத் திட்டம் ஒன்றை நடத்திய வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர், எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே திட்டத்தை விட்டு விலகிப்போவதைக் கண்டு திகைத்தார். அவர்களை உட்காரவைத்துப் பேசியபோது, பலர் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்பதும், பெருத்த உடல் அவர்களில் சிலருக்கு ஆண்களின் பார்வையிலிருந்து தப்பிக்கும் பாதுகாப்பாக இருந்தது என்பதும் தெரியவந்தது. அதிலிருந்து பிறந்த பெரிய ஆய்வை ராபர்ட் ஆண்டா என்பவரோடு சேர்ந்து அவர் 1998-இல் வெளியிட்டார். குடும்பத்தில் குடிநோய், தாய் அடிக்கப்படுவதைப் பார்ப்பது, சொல்லால் வதைப்பது, அடி, பாலியல் கொடுமை போன்றவற்றைக் குழந்தைப்பருவத்துக் கேடுகள் என்று வகைப்படுத்தி, அவற்றில் நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குப் பிற்காலத்தில் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்ததை அந்த ஆய்வு காட்டியது. கடுமையான உடல் பருமனின் ஆபத்து கூடியது 1.4 முதல் 1.6 மடங்கு வரைதான். இந்த வேறுபாட்டை நான் வேண்டுமென்றே குறிப்பிடுகிறேன். உடல் எடையை மட்டும் பார்த்துக் காயத்தைக் கண்டுபிடிக்கவும் முடியாது, இல்லையென்று சொல்லவும் முடியாது. உங்கள் அண்ணன் மகளின் எடை வயதுக்கு ஏற்றபடி இருந்தாலும் இது பெரிய சிக்கலாக இருக்கலாம்.

உண்ணல் கோளாறுகளை நேரடியாக எடுத்துக்கொண்ட பிற்கால ஆய்வுகளிலும், குழந்தைப்பருவத்தில் கொடுமைக்கு ஆளானவர்கள் இந்நோயாளிகளிடையே மற்றவர்களைக் காட்டிலும் அதிகமாக இருப்பது மீண்டும் மீண்டும் தெரியவந்திருக்கிறது. பட்டினி கிடந்து மெலியும் அனொரெக்சியாவைவிட, அளவின்றி உண்பதும் வாந்தி எடுப்பதும் சேர்ந்த புலிமியாவிலும், வாந்தியின்றி அளவு மீறி உண்ணும் கோளாறிலும் இந்தத் தொடர்பு வலுவாகத் தெரிகிறது. புலிமியாவை 1979-இல் தனி நோயாக விவரித்தவர் லண்டனைச் சேர்ந்த ஜெரால்ட் ரஸ்ஸல். நேரில் பார்க்காமல் நோயின் பெயர் சொல்லக்கூடாது. ஆனாலும் நீங்கள் விவரிப்பது அந்தத் திசையில் இருக்கிறது. அடியும் பாலியல் கொடுமையும் மட்டுமே காயம் என்று நினைக்க வேண்டாம். சொல்லால் வதைப்பதும் கவனிப்பாரின்றி விடுவதும் ஏற்படுத்தும் பாதிப்பு அவற்றுக்குக் குறைந்ததல்ல.

அதே நேரத்தில் ஒன்றைத் தெளிவாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிறு வயதில் பெருந்துன்பம் பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு உண்ணல் கோளாறு வருவதில்லை. உண்ணல் கோளாறு உள்ள பலருக்குச் சொல்லும்படியான துன்பம் எதுவும் நடந்ததில்லை. பரம்பரைக் கூறு, இயல்பிலேயே பதற்றம் மிகுந்த சுபாவம், பருவமடையும் காலத்து உடல் மாற்றம், கைப்பேசியில் நாள் முழுவதும் கண்ணில் படும் உடல்கள், மஞ்சள் நீராட்டுக்கு வந்த உறவினர் ஒருத்தி எல்லோர் முன்னிலையிலும் சொன்ன ஒரு சொல் என்று பலவும் சேர்ந்துதான் நோய் உருவாகிறது. அதனால் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இந்தத் தொடர்பைப் பயன்படுத்தாதீர்கள். அவள் காதில் விழும்படி அண்ணனையும் அண்ணியையும் ஏசினால், தன்னால்தான் குடும்பம் பிளக்கிறது என்று அவள் எடுத்துக்கொள்வாள்.

காயம் எப்படிச் சாப்பாட்டுக்குள் வந்து சேர்கிறது என்பதற்கு ஒரே ஒரு பாதை இல்லை. அச்சத்தில் வாழும் குழந்தையின் உடல், ஆபத்து நேரத்துக்கான சுரப்பிகளை ஓயாமல் இயக்கிக்கொண்டே இருக்கிறது. திடீர் அச்சம் பசியை அடக்கிவிடும். நாள்பட்ட அச்சத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இனிப்பும் கொழுப்பும் மிகுந்த பண்டங்களின் மீது வேட்கையைத் தூண்டும். அப்பா எந்த நேரம் தள்ளாடிக்கொண்டு வருவாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை, வயிறு இறுகுவது பசியாலா பயத்தாலா என்று பிரித்தறியக் கற்றுக்கொள்ளவே வாய்ப்பிருந்திருக்காது. பசியும் நிறைவும் தெரியாத உடலில், எப்போது தொடங்குவது எப்போது நிறுத்துவது என்பதும் தெரியாமல் போகிறது. வேகவேகமாக உண்ணும்போது மனம் சற்று நேரம் மரத்துப்போகிறது, நினைவுகள் ஓய்கின்றன. அதன்பின் வரும் குற்ற உணர்வை வாந்தி தணிக்கிறது. சில நிமிடங்களே நீடிக்கும் அந்த ஆறுதலுக்காக உடல் மறுநாளும் அதே வழியைத் தேடுகிறது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தாங்க முடியாத ஒன்றைத் தாங்குவதற்கு அந்தக் குழந்தைக்குக் கிடைத்த ஒரே வழி அது என்பதை நாம் மதித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் அண்ணன் மகளின் கதையில் நான் அதிகம் கவலைப்படுவது கணக்குச் சொல்லிப் போட்ட அந்தச் சோற்றைப் பற்றித்தான். போதிய உணவு நிச்சயமில்லாத குடும்பங்களில் அளவு மீறி உண்ணும் கோளாறு கூடுதலாகக் காணப்படுவதாக வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. கிடைக்கும்போது உண்டுவிட வேண்டும், யாரும் பார்க்கும் முன் உண்டுவிட வேண்டும் என்ற பாடத்தை உடல் ஒருமுறை கற்றுக்கொண்டால், உணவு தாராளமாக உள்ள வீட்டுக்கு வந்த பின்னும் அதை எளிதில் மறப்பதில்லை. பிறர் முன்னிலையில் தட்டைத் தள்ளிவிடுவதும், இருட்டில் பாத்திரத்தைத் துழாவுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. தான் உண்பதை யாரும் பார்த்துக் கணக்கெடுக்கக்கூடாது என்ற ஒரே அச்சத்தின் இரண்டு பக்கங்கள் அவை. பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகும் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் விட்டுச்செல்லும் பிள்ளைகளைப் பாட்டிமார்களும் அத்தைமார்களும் பெரும்பாலும் அன்போடுதான் வளர்க்கிறார்கள். ஆனால் இரவல் வீட்டில் வளரும் பிள்ளை சோற்றுத் தட்டின் முன் எப்போதும் கொஞ்சம் விழிப்பாகவே இருக்கும் என்பதை ஊரும் பள்ளியும் உணர்ந்தால் நல்லது.

நிம்மதியான வீட்டுக்கு வந்த பிறகு ஏன் இது தொடங்க வேண்டும் என்று நீங்கள் வருந்தியிருக்கிறீர்கள். உங்கள் வளர்ப்பில் குறை இல்லை. உண்ணல் கோளாறுகள் பெரும்பாலும் தலைகாட்டுவதே பதின்பருவத்தில்தான். பருவமடைந்த உடல் மாறும்போது பழைய அச்சங்கள் புதிய உருவில் வரும். பத்தாம் வகுப்புத் தேர்வின் நெருக்கடி அதோடு சேரும். மேலும், ஆபத்து தீராத வரை உயிர்தப்புவதிலேயே முனைந்திருந்த மனம், ஆபத்து நீங்கிய பிறகுதான் அடக்கி வைத்ததை வெளியே விடத் தொடங்கும்.

நம் பகுதியில் இந்த நோய் கண்டறியப்படாமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பாடநூல்கள் சொல்வதுபோல், குண்டாகிவிடுவேனோ என்று பயப்படுவதாக இங்குள்ள பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வதில்லை. வயிறு எரிகிறது, நெஞ்சைக் கரிக்கிறது, கேஸ், பசியே எடுப்பதில்லை என்றுதான் சொல்கிறார்கள். வீட்டாரும் அல்சர் மாத்திரையோடு நின்றுவிடுகிறார்கள். 1995-இல் இந்திய மனநல மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை, உண்ண மறுத்தும் தொடர்ந்து வாந்தி எடுத்தும் மெலிந்த ஐந்து இளம்பெண்களை விவரிக்கிறது. தங்கள் உடல் பருத்திருப்பதாக எண்ணும் பிறழ்ச்சி அவர்களிடம் காணப்படவில்லை. ஆகவே அவள் எடையைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதைக் காரணம் காட்டி நோயை மறுக்க வேண்டாம். சனிக்கிழமை, கிருத்திகை என்று புதிது புதிதாக விரதம் பிடிக்கத் தொடங்கியிருந்தால் அதையும் கவனியுங்கள். உடல் தேறும் வரை விரதம் வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களே பரிவோடு சொல்லிவிடுவது நல்லது. ஆண் பிள்ளைகளுக்கும் இந்நோய் வருகிறது; அவர்களை யாரும் கவனிப்பதே இல்லை.

பழையதைக் கிளறுவதற்கு முன் சாப்பாட்டை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கான அடிப்படை, இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. ஆன்செல் கீஸ் என்பவரின் தலைமையில், உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதங்கள் அரைப்பட்டினி கிடந்தார்கள். நாளாக ஆக அவர்களுக்கு உணவைத் தவிர வேறு நினைவே இல்லாமல் போயிற்று; சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள்; எரிச்சலும் சோர்வும் தனிமையும் மிகுந்தன. ஆய்வு முடிந்து உணவு கிடைத்தபோது சிலர் வயிறு தாங்காத அளவுக்கு உண்டும் அடங்காமல் தவித்தார்கள். முன்பு நலமாக இருந்தவர்களுக்கே பட்டினி இதைச் செய்ததென்றால், காலையிலிருந்து மாலைவரை வெறும் வயிற்றோடு இருக்கும் உங்கள் பெண்ணுக்கு இரவில் வரும் அந்த வெறியில் ஒரு பெரும் பங்கு பகல் பட்டினியின் விளைவு என்பது விளங்கும். அந்த நிலையில் மனத்தைத் திறந்து பேசச் சொன்னால் அவளால் தாங்க முடியாது, நோய் கூடும்.

எனவே வீட்டில் செய்ய வேண்டியது இது. மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு மூன்று முறை சிற்றுண்டி, எந்த இடைவெளியும் நான்கு மணி நேரத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். காலையில் இட்லியோ களியோ, பள்ளி இடைவேளையில் கடலை மிட்டாய், மதியம் சத்துணவோ கட்டுச்சோறோ, பள்ளிவிட்டு வந்ததும் சுண்டலும் பாலும், இரவில் வீட்டார் எல்லோரோடும் சேர்ந்து சாப்பாடு என்று உங்கள் வீட்டில் கிடைப்பதை வைத்தே இதைச் செய்யலாம். தனி உணவு எதுவும் தேவையில்லை. தொடக்கத்தில் அளவு குறைவாக இருந்தாலும் நேரம் தவறக்கூடாது. முந்தின இரவு அளவு மீறிவிட்டது என்பதற்காகக் காலை உணவைத் தள்ளிப்போட விடாதீர்கள். இந்தச் சுழல் உடைவது அந்தக் காலை உணவில்தான். சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் யாராவது அவளோடு இருங்கள். பூத்தொடுப்பதோ பாடம் படிப்பதோ ஏதாவது ஒரு வேலையில் சேர்ந்திருப்பதுதான் நோக்கம், காவல் காப்பது அல்ல.

சமையலறையைப் பூட்டாதீர்கள், பாத்திரத்தை ஒளிக்காதீர்கள். பூட்டு, அந்தப் பழைய வீட்டை அவளுக்கு நினைவூட்டும். அவளுக்கென்று ஒரு டப்பாவில் வறுகடலையோ பிஸ்கட்டோ போட்டு, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டோம் என்று சொல்லி, தீர்ந்ததும் பேசாமல் நிரப்பி வையுங்கள். உணவு பறிபோகும் என்ற அச்சத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பல நேரங்களில் உதவுகிறது. கோயிலில் சத்தியம் வாங்குவது, கழிப்பறை வாசலில் நின்று ஒட்டுக்கேட்பது, எல்லோர் முன்னிலையிலும் எடை பார்ப்பது, உனக்காக எவ்வளவு செலவு செய்தோம் தெரியுமா என்று கேட்பது ஆகிய எதுவும் வேண்டாம். வாந்தி எடுத்தது தெரிந்தால், வெறும் நீரால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். உடனே பல் துலக்கினால் அமிலம் பட்ட எனாமல் தேய்ந்துவிடும். அடுத்த வேளை உணவை வழக்கமான நேரத்தில் வையுங்கள்.

வீட்டு முயற்சியோடு மருத்துவப் பரிசோதனையும் உடனே தேவை. தொடர்ந்த வாந்தி இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். அது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது, முன்னறிவிப்பு இல்லாமலும் வரக்கூடியது. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, தசை பலவீனம், வாந்தியில் இரத்தம், சாகத் தோன்றுகிறது என்ற பேச்சு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாதவிலக்கு நின்றுபோவது, கன்னத்தின் கீழ்ப்பகுதி வீங்குவது, விரல் மூட்டுகளில் தழும்பு ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தத்தில் பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவும் இசிஜியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பல நாட்கள் அறவே உண்ணாமல் மிகவும் மெலிந்துபோன பிள்ளைக்கு மட்டும், மேலே சொன்னபடி வீட்டிலேயே திடீரென்று நிறைய ஊட்டத் தொடங்கக்கூடாது. இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் அது மருத்துவமனையில் நடக்க வேண்டியது.

உங்களுக்கு அருகில் இருப்பது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கிருஷ்ணகிரி பக்கத்தவர்களுக்கு அங்கும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனநலப் பிரிவிலேயே சீட்டு எடுங்கள். முழு விவரத்தையும் எழுதிக்கொண்டு போங்கள், ஏனென்றால் கூட்டமான புறநோயாளர் பிரிவில் வாந்தி என்று மட்டும் சொன்னால் மீண்டும் அல்சர் மாத்திரைதான் கிடைக்கும். நோய் சிக்கலாக இருந்தால் பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினருக்கான தனிப் பிரிவு உண்டு; பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி, இராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு இரயில் பாதையே இருக்கிறது. அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. சிகிச்சை என்பது முதன்மையாகப் பேச்சு வழிச் சிகிச்சையும் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு செய்யும் சிகிச்சையும்தான். ஃப்ளூவாக்செட்டின் போன்ற மருந்தை மனநல மருத்துவர் தேவைப்பட்டால் சேர்ப்பார். மாதக்கணக்கில் ஆகும், நடுவில் பின்னடைவும் வரும்.

நீங்கள் வெளிப்படையாகக் கேட்கத் தயங்கிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த உறவினர் வீட்டில் பாலியல் தொல்லை ஏதும் நடந்திருக்குமோ என்ற எண்ணம் உங்களுக்குள் இருப்பது தெரிகிறது. சாப்பாட்டு மாற்றத்தை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது. துருவித் துருவிக் கேட்கவும் கூடாது. எது நடந்திருந்தாலும் என்னிடம் சொல்லலாம், உன்மேல் கோபப்படமாட்டேன் என்று ஒருமுறை அமைதியாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். அவளாகச் சொன்னால், நம்புங்கள். அவள் சொன்ன சொற்களை அப்படியே குறித்து வையுங்கள். மீண்டும் மீண்டும் சொல்ல வைக்காதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தால் வழிகாட்டுவார்கள். உறவுக்காரர்களைக் கூட்டிப் பஞ்சாயத்து வைப்பது அவளை இரண்டாம் முறை காயப்படுத்தும் செயல். அத்தகைய கொடுமை இன்னும் தொடர்கிறது என்று தெரிந்தால், நான் மேலே சொன்ன வரிசை மாறிவிடும்: அவளை அந்த ஆளிடமிருந்து அன்றே விலக்குவதுதான் முதல் வேலை.

பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அண்ணன் வந்து தங்குவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களுக்கு முன்னும் பின்னும் இரவு உண்பதும் வாந்தியும் கூடக்கூடும். அதைக் கண்டு இதுவரை செய்தது வீண் என்று நினைத்துவிடாதீர்கள். குடித்துவிட்டு இந்த வீட்டுக்கு வரக்கூடாது என்பதை நீங்களும் உங்கள் கணவரும் அண்ணனிடம் முன்கூட்டியே, அவள் இல்லாத நேரத்தில் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். அப்பா எந்த நாள் வருகிறார், எத்தனை நாள் இருப்பார், அவள் எங்கே படுத்துக்கொள்வாள் என்பதை அவளிடம் முன்பே தெரிவியுங்கள். அந்த நாட்களிலும் உணவு நேரம் மாறாமல் இருக்கட்டும்; அவர் ஊருக்குத் திரும்பிய வாரத்திலேயே மருத்துவரைப் பார்க்கும்படி அடுத்த சந்திப்புக்கு நாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.